ஒரு கணம், இரண்டு கடிகாரம்

2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். ஐபிஎல் ஆட்டத்தில் ஜோஸ் பட்லரை அஸ்வின் எதிர்முனையில் ரன் அவுட் செய்ததைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அஸ்வினைப் பற்றித்தான். செய்தது நியாயமா, ஆட்டத்தின் கண்ணியம் என்ன ஆச்சு, இந்த வகை. 69 ரன்னில் பட்லர் போனதும், ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றதும் சூட்டைக் கூட்டின. ஆனால் அவுட் கொடுத்தது அஸ்வின் இல்லையே. கொடுத்தவர் மூன்றாவது அம்பயர் புரூஸ் ஆக்ஸன்ஃபோர்ட். விதியை அவர் எப்படிப் படித்தார் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அன்றைக்கு இருந்த விதி 41.16, எம்சிசியின் 2017 தொகுப்பில் உள்ளது. சாரம் இதுதான்: பந்து ஆட்டத்துக்குள் வந்ததிலிருந்து, பௌலர் பந்தை வழக்கமாக விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் கணம் வரை, ரன்னர் கிரீஸுக்கு வெளியே இருந்தால் அவரை ரன் அவுட் ஆக்கப் பார்க்கலாம்.

எதிர்பார்ப்பது யார்? பேட்ஸ்மேனா, அம்பயரா? விதி வாயைத் திறக்கவில்லை. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, கையை வைத்து. பௌலரின் கை இன்னும் சுழலவில்லை என்றால் அந்தக் கணம் வரவில்லை. அவர் நின்றால் கணமும் சேர்ந்து நிற்கும். இன்னொன்று, ஓட்டத்தின் தாளத்தை வைத்து. நிற்காமல் வந்திருந்தால் பந்து எப்போது கையை விட்டிருக்கும் என்று கணக்குப் போடுவது. அஸ்வின் கிரீஸுக்கு வந்து நின்றபோது பட்லர் உள்ளேதான் இருந்தார். அதற்குப் பிறகுதான் மெல்ல வெளியே நகர்ந்தார். முதல் கடிகாரப்படி அவுட். இரண்டாவதுபடி இல்லை.

எம்சிசியே இந்த இரண்டுக்கும் நடுவில் ஆடியது. முதலில் விதியில் தவறில்லை என்ற தொனியில் பேசினார்கள். அடுத்த நாளே, நிறுத்தம் ரொம்ப நீளம், இது ஆட்டத்தின் உணர்வுக்கு ஏற்றதல்ல என்றார்கள். காரணமாகச் சொன்னதைக் கவனியுங்கள்: பந்து வரும் என்று பட்லர் நியாயமாக எதிர்பார்த்திருக்கக்கூடிய நேரத்தில் அவர் உள்ளே இருந்தார். இது உணர்வு பற்றிய வாதமே இல்லை. சுத்தமான விதி வாதம். அதை அப்படியே ஏற்றால் தீர்ப்பு தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லத் தைரியம் இல்லாமல் 'உணர்வு' என்ற போர்வையைப் போர்த்திவிட்டார்கள் என்பது என் வாசிப்பு.

ஆக்ஸன்ஃபோர்ட் பக்கம்தான் நான். வீசப்படாத பந்து எப்போது வீசப்பட்டிருக்கும் என்று வீடியோவில் எந்த ஃபிரேமிலும் தெரியாது. கை எங்கே இருந்தது, மட்டை எங்கே இருந்தது, இது ரெண்டும் தெரியும். தெரிவதை வைத்துத் தீர்ப்பு சொல்வது அம்பயரின் வேலை.

இதற்கு முன்னால் 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் நடந்தது இன்னும் மோசம். அதே அஸ்வின், இலங்கையின் திரிமன்னே. அம்பயர்கள் பால் ரைஃபலும் பில்லி பௌடனும் கூடிப் பேசி, கேப்டன் சேவாக்கிடம் அப்பீல் நிற்கிறதா என்று கேட்டார்கள். அவர் வாபஸ் வாங்கினார். வாபஸ் வாங்க கேப்டனுக்கு விதி இடம் தருகிறது, சரி. ஆனால் எல்பிடபிள்யூ அப்பீலுக்கு எந்த அம்பயராவது போய் "நிஜமாவே வேணுமா?" என்று கேட்டதுண்டா? கேள்வி கேட்டதிலேயே தீர்ப்பு இருந்தது.

முதலில் ஒரு வார்னிங் கொடுக்கணும் என்பதும் இப்படித்தான். 1947 டிசம்பரில் சிட்னியில் பில் பிரவுனை அவுட் ஆக்குவதற்கு முன்பு, அதே பயணத்தின் வேறொரு ஆட்டத்தில் வினூ மன்கட் அவரை எச்சரித்திருந்தார். விதியில் எச்சரிக்கை கட்டாயம் இல்லை. ஆனாலும் எங்க ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் வரைக்கும் அது சட்டமாகவே இறங்கிவிட்டது. அங்கே அம்பயராக நிற்பதே பேட்டிங் சைடு ஆள். "ஒரு தடவ சொல்லிடுப்பா" என்பார், முடிந்தது.

பேஸ்பாலில் இந்த ஒழுக்கச் சண்டையே கிடையாது. முதல் பேஸில் இருக்கும் ரன்னர் நாலு எட்டு முன்னால் போய் நிற்பார். பிட்சர் திரும்பி அங்கே எறிவார். மாட்டினால் அவுட், யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே சந்தேகக் கண் விழுவது பிட்சர் மேல். வீசத் தொடங்கிவிட்டு நிறுத்தினால் 'பாக்'. ரன்னர்களுக்கு ஒரு பேஸ் இலவசம். ஆனால் அதிலும் அம்பயரின் கண் இல்லாமல் நடக்காது. பேஸை நோக்கி நேராகக் கால் வைக்க வேண்டும் என்கிறது விதி. எது நேர்? இடக்கை பிட்சருக்கு 45 டிகிரி கோடு என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தரையில் அப்படி ஒரு கோடு கிடையாது. ஆனாலும் ஆடுபவர்களுக்கு அது தெரியும், அதனால் சண்டை அளவோடு நிற்கிறது.

கிரிக்கெட்டுக்கு அந்தக் கோடு வர 2023 ஆனது. அதற்கு முன் 2022 அக்டோபரில் இந்த விதியை 'முறையற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து 38ஆம் விதியான ரன் அவுட்டில் சேர்த்தார்கள். 2023 ஜனவரியில் பிக் பாஷில் ஆடம் ஸாம்பா, டாம் ரோஜர்ஸை இதே மாதிரி அவுட் ஆக்கப் பார்த்தார். கை செங்குத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று மூன்றாவது அம்பயர் நாட் அவுட் கொடுத்தார். அதே மாதம் எம்சிசி விளக்கம் சேர்த்தது: எதிர்பார்க்கப்படும் கணம் என்பது பௌலரின் வழக்கமான வீச்சில் கை உச்சிக்கு வரும் கணம்.

கையை வைத்துப் படிக்கும் முதல் கடிகாரம்தான் ஜெயித்தது. ஆக்ஸன்ஃபோர்ட் நாலு வருடம் முன்பே அதைத்தான் பார்த்திருந்தார். ஆனால் ஜெய்ப்பூரின் சிக்கல் முழுசாகத் தீரவில்லை. கையைத் தூக்காமலே ஒரு பௌலர் மூணு வினாடி காத்திருந்தால், உச்சி வரவே இல்லை. எழுத்துப்படி ரன்னர் அதுவரை உள்ளேயே நிற்க வேண்டும். 'வழக்கமான' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்பயர் நாட் அவுட் கொடுத்தாலும் அவரைத் தப்பு என்று சொல்ல முடியாது. அந்தச் சொல்லை விட்டுவைத்தது எம்சிசி. அதற்கான வசவு மட்டும் மைதானத்தில் நிற்பவருக்கு.