பரிசு பெறாத கேள்வி

புலமைக்குப் பரிசளித்தல் நற்செயல் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் பரிசொன்று வழங்கப்படும்பொழுது அறிஞர் ஒருவர் மாத்திரம் பாராட்டப்படுவதில்லை. அவர் எழுப்பிய கேள்வியும் பாராட்டப்படுகிறது. எவரும் பாராட்டாத கேள்வியோ சபைக்கு வெளியே நின்றுவிடுகிறது. இது ஆண்டுதோறும் நிகழுமாயின், எதனை ஆராய்தல் மதிப்புடையது, எதனை ஆராய்தல் வீண்வேலை என்ற எண்ணம் இளம் ஆராய்ச்சியாளரின் உள்ளத்தில் மெல்லப் படிந்துவிடும். மதத்தையும் மக்கள் தொடர்பாடலையும் பற்றிய ஆராய்ச்சியில் இது எவ்வாறு நிகழ்ந்துள்ளது என்பதை ஒரு பெரும் பரிசின் வரலாற்றினைக் கொண்டு நோக்குவோம்.

மதத்துறையில் உலகறிந்த பரிசு டெம்பிள்டன் பரிசாகும். அதனை நிறுவிய சேர் ஜோன் டெம்பிள்டன் (1912-2008) அமெரிக்காவின் டெனசி மாநிலத்திற் பிறந்து, பங்கு முதலீட்டு நிதியங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டி, பஹாமாஸ் தீவுகளிற் குடியேறியவர். நொபெல் பரிசுகள் மதத்தைப் புறக்கணிக்கின்றன என்பது அவரது மனக்குறை. ஆதலின் 1972இல் இப்பரிசினை ஏற்படுத்தியபொழுது, இதன் தொகை நொபெல் பரிசின் தொகையிலும் கூடியதாய் இருத்தல் வேண்டுமென விதித்தார். 2007இல் கனடிய மெய்யியலாளர் சாள்ஸ் டெய்லர் பெற்ற தொகை 8 இலட்சம் பவுண். ஆன்மிகத்தின் உயர்வை உலகுக்கு உணர்த்துவதற்கு அச்செல்வர் தெரிந்த அளவுகோல் பணம் என்பது சிந்திக்கத்தக்கது.

இப்பரிசு பல்கலைக்கழகமொன்றின் பரிசன்று. ஆயினும் காலப்போக்கில் அது பல்கலைக்கழகங்களை நோக்கியே நகர்ந்தது. 1973இல் முதற் பரிசினை அன்னை தெரேசா பெற்றார். 1975இல் தத்துவப் பேராசிரியராயிருந்த இராதாகிருஷ்ணன் பெற்றார். 1982இல் பில்லி கிரகாமும், 1996இல் பில் பிரைட்டும் பெற்றனர். இவ்விருவரும் வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் ஆகிய சாதனங்களைச் சமயப் பிரசாரத்துக்குப் பெருமளவிற் பயன்படுத்தியோர். பின்னர் 1999 தொடக்கம் 2011 வரை பதின்மூன்று ஆண்டுகளும் பரிசு பெற்றோர் யாவரும் இயற்பியல், உயிரியல், மெய்யியல், இறையியல் துறைகளைச் சார்ந்த அறிஞரே. முற்பகுதியில் போதனையை மக்களிடம் கொண்டுசென்றவருக்கு மதிப்பு. பிற்பகுதியில் அப்போதனை அறிவுலகிற்கு ஒவ்வாததன்று என நிறுவ முயன்றவருக்கு மதிப்பு. இவ்வறிஞருட் பலர் தம் துறையில் மேதைகள் என்பதில் ஐயமில்லை. 2011இற் பெற்ற மார்ட்டின் றீஸ் மத நம்பிக்கை அற்றவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆகவே, தேர்வாளர்கள் துதிபாடுவோரை மாத்திரமே தேடினர் எனல் நேர்மையான விமர்சனமாகாது. நமது கேள்வி வேறு.

மதமும் தொடர்பாடலும் சந்திக்கும் இடத்தில் இரண்டு பெருங்கேள்விகள் எழுகின்றன. மதத்தின் வாயை அடைத்தவர் யார் என்பது ஒன்று. மதத்தின் குரலுக்கு விலை கொடுத்தவர் யார் என்பது மற்றையது. முதலாவது கேள்விக்கு இப்பரிசு தாராளமாகவே இடமளித்தது. கெடுபிடிப் போர் உச்சத்தில் இருந்த 1983இல் சொல்செனிற்சினும், சோவியத் நாடுகளில் மதத்தின் நிலையை ஆராய்ந்த மைக்கேல் பூர்டோ 1984இலும் பரிசு பெற்றனர். அங்கு ஆலயங்கள் மூடப்பட்டதும், நம்பிக்கையாளர் சிறை சென்றதும், நூல்கள் தடுக்கப்பட்டதும் மெய். அவற்றை ஆவணப்படுத்தியது அறிவுக்குச் செய்த தொண்டு. சோசலிசத்தின் பெயரால் நிகழ்ந்த அடக்குமுறையை மூடிமறைத்தல் இடதுசாரிகளாகிய நமக்குப் பெருமை தருவதன்று. ஆனால், அதே கேள்வியைத் தென்னாபிரிக்க நிறவெறி அரசின் முகத்துக்கு நேரே நின்று எழுப்பிய டெஸ்மன்ட் டூட்டுவுக்கு இப்பரிசு கிடைத்தது எப்பொழுது? 2013இல், நிறவெறி ஆட்சி ஒழிந்து 19 ஆண்டுகள் சென்றபின்.

இரண்டாவது கேள்வியோ பரிசு மேடையின் அருகே வரவேயில்லை. அது கேட்கத்தகாத கேள்வியா? பில்லி கிரகாமின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1949இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் நடத்திய கூட்டங்களை ஹேர்ஸ்ட் என்னும் பத்திரிகை முதலாளியின் ஏடுகள் பெருஞ் செய்தியாக்கின. மறு ஆண்டு அவரது வானொலி நிகழ்ச்சி தொடங்கிற்று. 1957இல் நியூயோர்க் கூட்டங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. அவரது நாவன்மை மறுக்கவியலாதது. ஆயினும் அந்நாவிலிருந்து கோடிக்கணக்கான செவிகள் வரை நீண்ட பாதையைச் சமைத்தவர் யார் என்பதையும் அறிந்தாலன்றி அவ்வரலாறு முழுமை பெறாது.

அப்பாதையைப் பற்றிய ஆராய்ச்சிகள் இல்லாமலில்லை. பீற்றர் ஹோர்ஸ்ஃபீல்ட் 1984இல் வெளியிட்ட ‘சமயத் தொலைக்காட்சி’ பற்றிய நூல் அவற்றுள் ஒன்று. அமெரிக்க ஒலிபரப்பு நிலையங்கள் பொதுச்சேவை என்ற முறையிற் பிரதான திருச்சபைகளுக்கு முன்னர் இலவசமாக நேரம் ஒதுக்கிவந்தன. 1960இல், விலைக்கு விற்கப்படும் சமய நிகழ்ச்சியையும் பொதுச்சேவையாகக் கணக்கிடலாம் என ஒலிபரப்பை மேற்பார்வை செய்யும் அரசாங்க ஆணைக்குழு கொள்கை வகுத்தது. விற்கக்கூடியதை இலவசமாகக் கொடுப்பதற்கு எந்த வணிகன் இசைவான்? சமய ஒலிபரப்பில் விலைகொடுத்துப் பெற்ற நேரம் 1959இல் நூற்றுக்கு 53 ஆக இருந்தது. 1977இல் 92 ஆயிற்று. விலை கொடுக்க வல்ல குரலே மதத்தின் குரலாகக் கேட்கலாயிற்று. இறையியல் விவாதம் எதுவும் இம்மாற்றத்தை நிகழ்த்தவில்லை, சந்தை நிகழ்த்திற்று. ஒரு சமூகத்தின் நம்பிக்கை எவ்வாறு உருவாகிறது என அறிய விரும்புவோர்க்கு இதனிலும் முக்கியமான செய்தி வேறெது?

இது நம் காலத்திற்கு மாத்திரம் உரிய கேள்வியுமன்று. கூட்டன்பேர்க் அச்சிட்ட விவிலியம் உலகப் புகழ் பெற்றது. ஆயின் அது நிறைவுறுமுன்னரே, 1454இல், மைன்ஸ் நகரின் புதிய அச்சுக்கலை பாவமன்னிப்புச் சீட்டுகளை அச்சிட்டுத் தள்ளிற்று. அத்தகைய சீட்டு வணிகத்தை எதிர்த்து 1517இல் மார்ட்டின் லூதர் எழுதிய வாதங்களைப் பரப்பியதும் அதே கலைதான். ஒரே கருவி வணிகத்துக்கும் உதவிற்று, கலகத்துக்கும் உதவிற்று. 1979இல் எலிசபெத் ஐசன்ஸ்ரைன் அச்சியந்திரத்தை வரலாற்று மாற்றத்தின் காரணியாகக் கொண்டு எழுதிய பெருநூலின் சிறப்பு, போதனையின் வரலாற்றைக் கருவியின் வரலாற்றோடு இணைத்துக் காட்டியமையே.

நம் நாட்டவர்க்கு இது நன்கு விளங்கவேண்டிய உண்மையாகும். சமயத்தைச் சொல்லும் திறனுக்காக வழங்கப்பட்ட மதிப்பொன்று நம்மிடையே பெயராகவே நிலைத்துவிட்டது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் யாழ்ப்பாணத்து ஆறுமுகம்பிள்ளைக்கு ‘நாவலர்’ பட்டம் வழங்கிற்று. பட்டம் போற்றியது நாவை. ஆனால் அதே பயணத்தில் அவர் சென்னையிலிருந்து கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சியந்திரத்தை எந்தப் பட்டமும் குறிப்பிடவில்லை. 1834இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் தொடங்கியிருந்தது. 1841இல் ‘உதயதாரகை’ தோன்றியிருந்தது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற் துணைநின்ற நாவலர் எதிரணியின் பலம் எங்குள்ளது என்பதைக் கண்ணாரக் கண்டவர். சைவத்தை அவர் காத்தது நாவினால் மாத்திரமன்று, ஈய எழுத்துக்களாலும் ஆகும்.

பட்டம் சொல்லாது விட்டது இன்னுமொன்று உண்டு. அந்நாவின் சொல்லைக் கேட்க எவரெவர்க்கு உரிமையிருந்தது? நாவலர் சாதி வரம்பினைப் பேணியவர். பெருநிலங்களை உடைய மடமொன்று வழங்கிய பட்டம் இதனைக் குறையாகக் கொண்டிருக்க இயலாது. நாவலர் 1879இல் மறைந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் சென்றபின்பும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழைவதற்காகப் போராட வேண்டியிருந்தது. நாவலரது பணியின் பெருமையைக் குறைப்பதற்காக இதனைக் கூறவில்லை. அந்நியர் கல்வியும் அச்சும் கொண்டு மேலாண்மை செலுத்திய காலத்தில் அவர் ஆற்றிய எதிர்ப்பு வரலாற்றுப் பெறுமதி உடையது. அதன் எல்லையும் அவ்வாறே வரலாற்றுக்குரியது. இரண்டையும் ஒருங்கே கூறுவதுதான் ஆராய்ச்சி. ஒன்றை மாத்திரம் கூறுவது பட்டயம்.

செல்வரும் மடங்களும் பரிசளிப்பதை நாம் நிறுத்தவியலாது, நிறுத்தவும் வேண்டுவதில்லை. பரிசின் பட்டியலையே ஆராய்ச்சியின் எல்லையாகக் கொள்ளும் பழக்கத்தை நிறுத்தலாம். மதத்தைப் பற்றிய ஆய்வேடொன்றை வழிநடத்தும் ஆசிரியர் தம் மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்பாராக. இப்போதனையை அச்சிட்ட தாளுக்கும், ஒலிபரப்பிய நேரத்துக்கும் பணம் கொடுத்தவர் யார்? இதனைக் கேட்க அனுமதிக்கப்படாதோர் யார்? கேட்டவர் மறுமொழி கூற விரும்பியபொழுது அவருக்கு மேடை இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் கோயிற் கணக்குகளையும், பழைய பத்திரிகைகளின் சந்தா விபரங்களையும், அச்சகத் தொழிலாளரின் நினைவுகளையும் நாடிச் செல்லவேண்டிவரும். அவ்வேலை கடினமானது, அதற்குப் பொற்பதக்கம் கிடைக்குமென்ற உறுதியுமில்லை. ஆயினும் நம் மக்கள் தம் நம்பிக்கைகளை எங்கிருந்து, எவர் கையிலிருந்து பெற்றனர் என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கப்போவது அவ்வேலையேயாகும்.