ஆண்களின் சருமப் பராமரிப்பு: கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும்

உச்சி முதல் பாதம் வரை ஒரே சோப்பு, முகத்துக்குக் கொஞ்சம் பவுடர், சவரம் செய்தால் படிகாரக் கல், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தமிழ்நாட்டு ஆண்களின் சருமப் பராமரிப்பு நெடுங்காலம் இவ்வளவுதான். இன்றைய இளைஞரின் அலமாரியில் ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றும் வந்துவிட்டன. கழுவு, ஈரம் கா, வெயிலைத் தடு என்ற இந்த மூன்று படிப் பழக்கத்தை ஆண்களுக்கு ஆகாத அலங்காரம் என்று ஒதுக்குவோர் உண்டு. முகத்தை வெளுக்க வைக்கும் வழி என்று நம்பி வாங்குவோரும் உண்டு. இருவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: சருமத்தை அழகோடு மட்டும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தோலும் ஓர் உறுப்பு. அதன் நலத்தை அளவுகோலாகக் கொண்டால்தான் இந்தப் பழக்கத்தின் நிறைகுறைகள் சரியாகப் பிடிபடும்.

முதல் படியான முகம் கழுவுதலில் நன்மை தெளிவானது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு மெல்லிய அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் அளவு ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சோப்பு 9 முதல் 10 வரையிலான காரத்தன்மை உடையது. சோப்புப் போட்டபின் முகம் இழுத்துப் பிடிப்பதைச் சுத்தத்தின் அடையாளமாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தோலின் பாதுகாப்புப் படலம் கரைந்ததன் அடையாளம். ஆண் ஹார்மோன்களின் தூண்டுதலால் ஆண்களின் முகத்தில் எண்ணெய் அதிகம் சுரக்கிறது. நாளைக்கு ஐந்து முறை கழுவினாலும் அந்தச் சுரப்பு நிற்காது. மென்மையான ஃபேஸ்வாஷால் காலையும் இரவும் கழுவினால் போதும். சொரசொரப்பான ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பது நம் நிறத்தவருக்குக் கூடுதல் கேடு. நம் தோலில் சிறிய புண்கூடக் கருந்தழும்பாகப் பல மாதம் தங்கிவிடும்.

இரண்டாம் படி எல்லோருக்கும் கட்டாயமில்லை. சென்னையின் புழுக்கத்தில் எண்ணெய் வழியும் முகம் கொண்ட இருபது வயதுக்காரருக்கு மாய்ஸ்சரைசர் பெரும்பாலும் தேவைப்படாது. நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவர், வயது ஏறியவர், சர்க்கரை நோயால் தோல் வறண்டவர் ஆகியோருக்கு அது அவசியம். தேங்காயெண்ணெய் கைகால் வறட்சிக்கு நன்றாகவே உதவும். பரு வரும் முகத்திலோ துவாரங்களை அடைத்துவிடும்.

சவரத்தைப் பற்றி இந்த மூன்று படி அறிவுரைகள் அதிகம் பேசுவதில்லை. ஆண் முகம் அடிக்கடி காயப்படுவது அங்கேதான். குளித்தபின் முடி இளகியிருக்கும்போது, முடி வளரும் திசையிலேயே மழிப்பது நல்லது. எதிர்த் திசையில் ஒட்ட மழித்தால், சுருள் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டியாகும். படிகாரம் சிறு கீறல்களின் ரத்தக் கசிவை நிறுத்தும் என்பது உண்மை. வீட்டில் தனக்கென ஒரு கல் வைத்துக்கொள்வதில் குறையில்லை. சலூனில் ஒரே கல்லைப் பலர் முகத்தில் தேய்ப்பதுதான் தவறு. அங்கே புது பிளேடு கேட்பதற்கும் தயங்கக்கூடாது. ஹெபடைட்டிஸ் பி பகிர்ந்துகொள்ளும் பிளேடு வழியாகப் பரவக்கூடியது.

மூன்றாம் படியான சன்ஸ்கிரீனுக்கு வலுவான சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள நாம்பூரில் 900க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. நாலரை ஆண்டுகள் தினமும் பூசியவர்களிடம், விருப்பம்போல் பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் அங்கே பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர். நம் தோலின் மெலனின் இயல்பிலேயே ஓரளவு காப்பு தருவதால், வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் அரிது. மங்கு, கருந்திட்டுகள், வெயிலால் தீவிரமாகும் ஒவ்வாமை ஆகியவையே நமக்கான காரணங்கள். சன்ஸ்கிரீனின் காப்பளவைக் குறிக்கும் எஸ்பிஎஃப் 30 என்பது யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே எண் பெரிதாக இருப்பதைவிட, போதிய அளவு பூசுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுவதுமே முக்கியம்.

இந்தப் பழக்கத்தின் முதல் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு முறைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் சன்ஸ்கிரீன் வேண்டும். நாளைக்கு இரண்டு முறை என்றால் 50 கிராம் டியூப் ஒரு மாதம்கூடத் தாங்காது. உச்சி வெயிலில் நிற்கும் கட்டடத் தொழிலாளிக்கும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கும் இது கட்டுப்படியாகாது. வியர்வையில் நிற்கவும் நிற்காது. தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, பந்தல் நிழல் ஆகியவைதான் அவர்களுக்கு உண்மையான காப்பு. அவற்றைச் சொல்லாத சருமப் பராமரிப்பு அறிவுரை வசதியுள்ளவர்களுக்கு மட்டுமானது.

இரண்டாவது குறை இன்னும் ஆபத்தானது: நிறத்தின் மீதான வெட்கம். ஆண்களுக்கென்ற சிவப்பழகு கிரீம் இந்தியச் சந்தைக்கு 2005இல் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்ற பெயரில் வந்தது. 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரை மாற்றிக்கொண்டது. வெளுப்பாக வேண்டும் என்ற ஏக்கம் மாறவில்லை. அந்த ஏக்கம் பலரை மருந்துக்கடை ஸ்டீராய்டு கிரீமிடம் கொண்டுபோய் விடுகிறது. இந்திய மருத்துவர்கள் பல மையங்களில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிவந்தவர்கள். அவர்களில் பலர் அதைச் சிவப்பழகு கிரீமாகவும், சவரத்துக்குப் பின் தடவும் களிம்பாகவும் பயன்படுத்தினார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடிக்கும். நிறுத்தினால் எரிச்சல் கூடும் என்பதால் விடவும் முடியாது. 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடியவை ஆக்கப்பட்டன. இன்றும் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

முத்திரை இல்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசமும் இருக்கக்கூடும். கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவமனையில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய கிரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நிறத்தையே பார்க்கும் கண் நோயைத் தவறவிடுகிறது. பிடரியில் தடித்துப் படரும் கருமையை அழுக்கென்று தேய்க்கிறோம், கிரீம் பூசி மறைக்கிறோம். அது பல நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. அதற்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை. உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். தினமும் கண்ணாடியில் தன் தோலை நிதானமாகப் பார்க்கும் ஆணுக்கு இவை சீக்கிரம் தென்படும். மூன்று படிப் பழக்கத்தால் கிடைக்கும் ஆகப்பெரிய பயன் இந்தக் கவனம்தான் என்பேன்.

ஆகவே பழக்கம் நல்லது. அதைச் சூழ்ந்திருக்கும் நிற ஆசைதான் கெட்டது. மென்மையாகக் கழுவுங்கள். வறண்டால் மட்டும் ஈரம் சேருங்கள். வெயிலுக்கு முதலில் துணியும் நிழலும், முடிந்தால் சன்ஸ்கிரீன். 'ஆண்களுக்கு மட்டும்' என்ற அட்டைக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். பருவோ படையோ வந்தால் வெட்கப்பட்டு நண்பர் சொன்ன களிம்பைத் தேடாமல், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் வளரும் பையன்களிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் நிறத்தைக் கேலி செய்வதை அதற்கு முன்பே நிறுத்துங்கள்.