லோத்ரெக்கின் ‘அவர்கள்’

ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1896-இல் வெளியிட்ட ‘அவர்கள்’ என்ற கல்லச்சுத் தொகுப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை. பாரிஸ் விலைமாதர் விடுதிதான் களம். ஆனால் வாடிக்கையாளர் தலைகாட்டுவது அபூர்வம். ஒருத்தி குனிந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறாள், ஒருத்தி தலை வாருகிறாள். இன்னொருத்தி படுக்கையில் கண்விழிக்கிறாள்: முகத்தைச் சுற்றிச் சில கோடுகள், போர்வை பெரும்பாலும் வெறும் காகிதம்தான்.

கல்லச்சில், சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மைக்கோலால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டுமே மை ஒட்டும். கைநடுக்கம்கூட அப்படியே அச்சேறும். அதனால்தான் இத்தனை நெருக்கம்.

நூறு பிரதிகள் போட்டார் பதிப்பாளர் பெல்லே. சரியாக விற்கவில்லை. கிளுகிளுப்பை எதிர்பார்த்தவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. களைத்த உடம்பை இவ்வளவு மரியாதையாக வரைந்தவர்கள் அன்று வெகு சிலரே.