சர்தனா பேராலயம்: பாணியும் புரவலரும்

உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகருக்கு அருகே அமைந்த சர்தனா அன்னை பேராலயத்தை ஐரோப்பியப் புதுச்செவ்வியல் பாணியின் நகல் எனக் கூறி அமைவது வழக்கமாகிவிட்டது. முகப்பு மண்டபத்தின் டோரிக் தூண்கள், குவிமாடங்கள், இரட்டைக் கூம்புக் கோபுரங்கள் ஆகியன அம்முடிவுக்கு இடந்தருகின்றன. வடிவமைத்த அந்தோனியோ ரெகெல்லினி இத்தாலியர் என்பதும் அதற்குத் துணைநிற்கிறது. எனினும், பாணியை மட்டுமே நோக்குவோர் கட்டுவித்தவரைக் காணத் தவறுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கட்டுவித்தவர் பேகம் சம்ரு. கூலிப்படைத் தலைவர் வால்ட்டர் ரைன்ஹார்ட்டின் துணைவியாயிருந்தவர். அவர் 1778இல் மறைந்தபின் படைக்கும் சர்தனா ஜாகீருக்கும் தலைமையேற்றவர். 1781இல் ஆக்ராவில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றவர். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் ஏற்பட்ட உடன்பாடு ஜாகீரை அவருடைய வாழ்நாள் வரைக்குமே உறுதிசெய்தது. ஆலயப் பணி 1809இல் தொடங்கி 1820களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்குதல் வேண்டும். வாரிசுக்கு விட்டுச்செல்ல ஆட்சி இல்லாத ஒருவர், தமக்குப் பின்னும் நிலைக்கும் ஒன்றை எழுப்பினார். 1836இல் அவர் மறைந்ததும் ஜாகீர் கம்பெனி வசமாயிற்று, ஆலயம் நிலைத்தது.

உள்ளே பளிங்குப் பலிபீடத்தில் வண்ணக்கற்கள் பதித்த வேலைப்பாடு ஆக்ராவின் முகலாயக் கைவினை மரபைச் சார்ந்தது. நகல் என்னும் சொல் இதனை விளக்கப் போதாது.

தமிழாய்வாளர்க்கு இங்கு ஓர் ஒப்புமை உண்டு. 1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சியதிகாரத்தைக் கம்பெனியிடம் இழந்த சரபோஜி மன்னர், சுவார்ட்ஸ் பாதிரியாருக்கு ஃப்ளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்தார். அதில் மன்னர் மரணப்படுக்கையருகே குருவின் கைபற்றி நிற்கிறார். சர்தனாவிலோ, பேகத்தின் வாரிசு இத்தாலியச் சிற்பி ததோலினியைக் கொண்டு செய்வித்த கல்லறைச் சிற்பத்தில், பேகமே அரியணையில் உயர்ந்து வீற்றிருக்கிறார். இரண்டும் ஐரோப்பியச் செவ்வியற் கலையே. ஒன்று நன்றியையும் மற்றொன்று அரசுரிமையையும் பேசுகின்றது.

1957இல் நிறுவப்பெற்ற அன்னையின் திருவுருவமும், 1961இல் கிடைத்த சிறு பசிலிக்கா என்னும் தகுதியும் ஆலயத்தைத் திருயாத்திரைத் தலமாக்கின. நவம்பர்த் திருவிழாவில் கூடும் மக்கள் அன்னையை நாடியே வருகின்றனர். பேகத்தின் அரசுரிமை நினைவும் அன்னையின் வழிபாடும் ஒரே கூரையின்கீழ் உறைகின்றன. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாத கட்டடக்கலைத் திறனாய்வு தூண்களை எண்ணுவதோடு நின்றுவிடும்.