நோயும் மருந்தும்: குணங்குடியார் கண்ணிகளில் ஏக்கம்

மும்பைத் தாராவியில் தமிழ் முஸ்லிம்களின் குடியேற்றம் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை ஒட்டிச் சென்றோர் அங்கு நிலைகொண்டனர். 1887இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் அதற்குச் சான்றாகும். இருப்புப்பாதைக்கு மேற்கே, மாகிமில் மக்தூம் அலி மகாயிமியின் (1372–1431) அடக்கத்தலம் உள்ளது. பிணி நீங்க வேண்டிப் பல சமயத்தாரும் அங்குச் செல்வர். இத்தகைய சூழலில் சூபிப் பாடல்களை நோய் தீர்க்கும் வேண்டுதலாக மட்டுமே கொள்ளுதல் இயல்பு. ஆயினும், குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகள் அக்கருத்துக்கு முழுமையாக உடன்படுவனவல்ல.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்த குணங்குடியார் தொண்டியை அடுத்த குணங்குடியில் பிறந்து, சென்னை இராயபுரத்தில் அடங்கியவர். அவர் பாடல்களில் முதன்மை பெறும் நோய் உடற்பிணியன்று, பிறவியும் மனமயக்கமுமே. அவர் இயற்றியவற்றுள் ஒன்று 'நிராமயக் கண்ணி'. நிராமயம் என்பதற்கு நோயற்றது என்பது பொருள். நலம் என்பது இங்கு இறைவன் அளிக்கும் கொடையாக அன்றி, இறைவனின் பெயராகவே அமைகிறது. எனவே நலம் வேண்டுதலும் இறைவனை வேண்டுதலும் ஒன்றாகின்றன.

'மனோன்மணிக் கண்ணி'யில் இறை, காதலியாக விளிக்கப்பெறுகிறது. தலைவி தந்த நோய்க்கு அவளே மருந்து என்னும் குறட்கருத்து (1102) தமிழ் மரபில் முன்னரே வேரூன்றியிருந்தமையால், இவ்வுருவகம் அயன்மையாகத் தோன்றவில்லை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் துருக்கி மொழியில் பாடிய யூனுஸ் எம்ரேயிடமும் இறைக்காதலே பிணியாகவும் மருந்தாகவும் நிற்கிறது. இவ்வொற்றுமையை நேரடித் தாக்கம் எனக் கொள்வதற்கில்லை. ஏக்கத்தையே வழியாகக் கொண்ட சூபி நெறியின் பொதுமை எனலே பொருந்தும்.

வடிவமும் இக்கருத்துக்குத் துணைசெய்கிறது. ஈரடிதோறும் ஒரே விளி மீண்டும் மீண்டும் வருதல் திக்ரு என்னும் இறைநாமத் தியானத்தை ஒத்தது. தாயுமானவரின் பராபரக் கண்ணியை அடியொற்றியமையால் இதனைப் போலி எனக் குறைத்து மதிப்பிடுவது ஏற்புடையதன்று. பெற்ற யாப்பு இங்குப் புதிய வழிபாட்டுச் செயலை ஏற்றுள்ளது. எனினும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். யூனுஸ் எம்ரேயின் எளிய மொழி பாமரரை உடன் சென்றடைவது. குணங்குடியாரிடமோ யோகக் குறியீடுகளும் அரபுச் சொற்களும் செறிந்து, பல கண்ணிகள் உரையாசிரியரை எதிர்நோக்குகின்றன.

ஊரைப் பிரிந்து வாழ்வோர் இப்பாடல்களில் தம் பிரிவுத் துயரையும் கேட்பது இயல்பே. ஆனால் ஊர் ஏக்கம் திரும்பிச் சென்றால் தணியக்கூடியது. குணங்குடியாரின் ஏக்கமோ தணிவை நாடும் பொழுதே மேலும் வளர்வது. அவ்வளர்ச்சியையே அவர் நலம் எனக் காண்கிறார். இவ்வேறுபாட்டை விட்டுவிடின், மருந்தைப் பெற்ற நிறைவில் மருத்துவனை மறந்த நிலையே வாசகர்க்கு எய்தும்.