துரும்பும் விதைநெல்லும்: வீரர் பரிமாற்றத்தை ரசிப்பது எப்படி?

பெயரெடுத்த ஒரு பந்துவீச்சாளரை வாங்குவதற்காக, இன்னும் பெயரெடுக்காத இளைஞர்கள் இரண்டு மூன்று பேரைக் கொடுக்கலாமா? அமெரிக்காவின் பேஸ்போல் ரசிகர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் இந்தக் கேள்வியோடுதான் விழிக்கிறார்கள், உறங்குகிறார்கள். கிரிக்கெட்டில் இதே கணக்கு பெரும்பாலும் ஏல மண்டபத்தில் நடக்கிறது. அங்கே இளைஞரை நேரடியாகக் கொடுப்பதில்லை. அவருக்கு ஒதுக்கியிருக்கக்கூடிய பணமும் அணியில் அவருக்கிருந்த இடமும்தான் கைமாறுகின்றன. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், ஐ.பி.எல். தொடரில் சென்னை சுப்பர் கிங்ஸ் ஆட்டம் என்றால் தொலைக்காட்சி முன்னால் கூடும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. இலங்கை வேகப்பந்துவீச்சாளர் மதீஷ பத்திரணவை சென்னை விடுவித்தபோது அவர்கள் வாதாடியது இதைப் பற்றித்தான்.

ஆட்டத்தை ரசிப்பதற்குக் கண் போதும். பரிமாற்றத்தை ரசிப்பதற்குப் பொறுமை வேண்டும். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்ற தெளிவும் வேண்டும்.

துரும்பு: முதன்மைப் பந்துவீச்சாளரின் பெறுமதி

304 சீட்டாட்டம் விளையாடியவர்களுக்குத் துரும்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் எத்தனை நல்ல சீட்டு இருந்தாலும், சரியான பிடியில் இறங்கும் ஒரு துரும்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். முதன்மைப் பந்துவீச்சாளர் அப்படிப்பட்ட சீட்டு.

அவருடைய பங்கை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணி வீசுவது 120 பந்துகள். அதில் ஒருவர் வீசக்கூடியது 24, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பேஸ்போலிலும் கணக்கு ஏறக்குறைய இதுவே. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதன்மைப் பந்தெறிபவர் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை களமிறங்குவார். பருவம் முழுவதிலும் அவருக்குக் கிடைப்பது முப்பது சொச்சம் ஆட்டங்கள். ஆனால் ஏழு ஆட்டங்கள் கொண்ட இறுதித் தொடரில் அதே மனிதர் இரண்டு தடவையோ மூன்று தடவையோ வரலாம். பருவம் முடியும் தறுவாயில் அவருடைய விலை ஏறுவதற்குக் காரணம் இதுதான்.

கிரிக்கெட்டில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அணித்தலைவரின் கையைப் பார்ப்பது. எதிரணியின் மிக ஆபத்தான துடுப்பாட்ட வீரர் நிற்கும்போது பந்து யாரிடம் போகிறது? பத்தொன்பதாவது ஓவருக்காக யாருடைய ஓர் ஓவர் மிச்சம் பிடிக்கப்படுகிறது? விக்கெட் எண்ணிக்கையை விட இந்த இரண்டும் ஒரு பந்துவீச்சாளரின் இடத்தைத் தெளிவாகக் காட்டும்.

விதைநெல்: இளைஞரின் பெறுமதி

இளம் வீரரின் பெறுமதி மூன்று இடங்களில் இருக்கிறது. அவர் மலிவாக வருகிறார். பல ஆண்டுகள் இருப்பார். அவர் மலிவாக இருப்பதால் மிஞ்சும் பணத்தில் வேறொருவரை வாங்கலாம். கூடவே ஒரு குறையும் உண்டு: இளைஞர்களில் பெரும்பாலானோர் எதிர்பார்த்த உயரத்தைத் தொடுவதில்லை. விதைநெல் எல்லாமே முளைப்பதில்லை. ஆனாலும் பசிக்கிறது என்று விதைநெல்லைக் குற்றிச் சமைக்கும் வீட்டில் அடுத்த போகத்துக்கு வயல் தரிசாகக் கிடக்கும்.

பத்திரணவே இதற்கு நல்ல சான்று. கண்டி திரித்துவக் கல்லூரியில் படிக்கும்போதே அவருடைய வளைந்த கைவீச்சு காணொளியாகப் பரவியது. 2022இல், காயமடைந்த அடம் மில்னுக்குப் பதிலாக, 20 இலட்சம் இந்திய ரூபாவுக்கு சென்னை அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் ஆட்டத்தில் அவர் வீசிய முதல் பந்திலேயே சுப்மன் கில் ஆட்டமிழந்தார். அடுத்த ஆண்டு 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகளை எடுத்தார். சென்னை கிண்ணம் வென்றது. அன்றைய ஏலங்களில் 20 இலட்சம் என்பது ஆகக் குறைந்த அடிப்படை விலை.

முரளியும் அஸ்வினும்: துரும்பைப் போகவிட்ட கதை

கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடிய முத்தையா முரளிதரனை, 2008இல் நடந்த முதலாவது ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை 6 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அந்த நாளில் அவரைவிடப் பெரிய சுழல் துரும்பு உலகத்தில் இல்லை. சென்னை 2010இல் முதல் கிண்ணத்தைத் தூக்கியபோதும் அவர் அணியில் இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் காலியில் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றார்.

அதே அணியில் அவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் வளர்ந்துகொண்டிருந்தார். உள்ளூர்க்காரரான ரவிச்சந்திரன் அஸ்வின் 2010 பருவத்தில் 13 விக்கெட்டுகளை எடுத்திருந்தார். 2011 ஜனவரியில் வீரர்களில் பெரும்பாலானோர் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது சென்னை தன் தெரிவைச் செய்தது. 24 வயது அஸ்வினை 8.5 இலட்சம் டொலர் கொடுத்து மீட்டுக்கொண்டது. 38 வயது முரளிதரன் 11 இலட்சம் டொலருக்குக் கொச்சி அணிக்குப் போனார்.

அந்தத் தெரிவின் பலனை ஒரே ஓவரில் பார்க்கலாம். 2011 மே 28, சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி. சென்னை 205 ஓட்டங்களை எடுத்திருந்தது. பெங்களூருக்காக இறங்கியவர் அந்தப் பருவத்தில் அதிக ஓட்டங்களைக் குவித்த கிறிஸ் கெயில். புதுப் பந்து அஸ்வினிடம் போனது. அந்த முதல் ஓவரிலேயே கெயில் ஓட்டம் எதுவும் பெறாமல் தோனியிடம் பிடிகொடுத்தார். போட்டியின் உயிர் அங்கேயே போய்விட்டது. சென்னை 58 ஓட்டங்களால் வென்றது. கொச்சி அணி அந்த ஒரே பருவத்தோடு கலைந்தது.

முரளிதரனின் பெருமையில் இதனால் ஒரு துளியும் குறையாது. விலை கொடுக்கும் அணி வாங்குவது வீரரின் வருங்காலத்தை. அவருடைய கடந்தகாலம் எவ்வளவு பெரிதானாலும் அது ஏலத்தில் விற்பனைக்கு வருவதில்லை. ரசிகர் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டிய முதல் விடயம் இது.

ஸ்டார்க்: துரும்பை வாங்கி வென்ற கதை

மறுபக்கத்துக்கும் வலுவான சான்று உண்டு. 2023 டிசம்பரில் டுபாயில் நடந்த ஏலத்தில் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் மிட்செல் ஸ்டார்க்குக்கு 24.75 கோடி இந்திய ரூபா கொடுத்தது. முதல் ஆட்டத்தில் அவர் 53 ஓட்டங்களைக் கொடுத்தார், அடுத்ததில் 47. இரண்டிலும் விக்கெட் இல்லை. அந்த வாரம் அது வீண் செலவு என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

2024 மே 26, சென்னையில் இறுதிப் போட்டி. ஹைதராபாத்தின் அபிஷேக் சர்மா அந்தப் பருவம் முழுவதும் பந்துவீச்சாளர்களைச் சிதறடித்தவர். ஸ்டார்க்கின் முதல் ஓவர், ஐந்தாவது பந்து. உள்ளே வருவதுபோல் வந்து, விழுந்த பின் வெளியே விலகி, துடுப்பின் விளிம்பைத் தாண்டி ஓஃப் ஸ்டம்பின் உச்சியைத் தட்டியது. ஹைதராபாத் 113 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஸ்டார்க் 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். தகுதிகாண் போட்டியிலும் ஆட்டநாயகன் அவர்தான், இறுதிப் போட்டியிலும் அவர்தான்.

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடும் பாதி ஒன்று உண்டு. அதே பருவத்தில் ஸ்டார்க்கை விட அதிக விக்கெட் எடுத்தவர்களில் ஒருவர் ஹர்ஷித் ரானா, 19 விக்கெட். கொல்கத்தா 2022இல் அவரை வாங்கிய விலை 20 இலட்சம். துரும்பை வாங்குவதற்காகக் கொல்கத்தா விதைநெல்லைத் தொடவில்லை. விதைநெல் மலிவாகக் கையில் இருந்ததால்தான் துரும்புக்கு அவ்வளவு கொட்ட முடிந்தது.

பேஸ்போலின் இரண்டு பாடங்கள்

பேஸ்போலில் ஆளுக்கு ஆள் நேரடியாகக் கைமாறுவதால் இலாபமும் நட்டமும் பச்சையாகத் தெரியும். 1987 ஆகஸ்டில் டிட்ரோயிட் அணி 36 வயது டொயில் அலெக்சாந்தரை வாங்கியது. அவர் அந்தப் பருவத்தில் டிட்ரோயிட்டுக்காக ஒன்பது ஆட்டங்களை வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றது. பதிலுக்கு அது அட்லாண்டாவுக்குக் கொடுத்தது 20 வயது ஜோன் ஸ்மோல்ட்ஸை. அவர் அடுத்த இருபது ஆண்டுகள் ஆடி, 2015இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்.

2017 ஆகஸ்ட் 31இல், காலக்கெடு முடியும் நள்ளிரவுக்குச் சில நொடிகள் முன்னால், ஹூஸ்டன் அணி மூன்று இளைஞர்களைக் கொடுத்து ஜஸ்டின் வேர்லாண்டரை வாங்கியது. அந்த அணி அப்போதே தன் பிரிவில் வெகுதூரம் முன்னால் நின்றது. அவர் வந்த பின் அது தன் முதல் உலகத் தொடரை வென்றது. கொடுத்த மூவரில் எவரும் நட்சத்திரமாகவில்லை.

டிட்ரோயிட்டின் முடிவை வெறும் தவறென்று தள்ளிவிட முடியாது. அலெக்சாந்தர் இல்லாமல் அந்த முதலிடமே கிடைத்திருக்காது. ஒரு பரிமாற்றத்தை அளக்க இரண்டு கோல்கள் வேண்டும்: முடிவெடுத்த நாளில் தெரிந்திருந்தது என்ன, பிறகு நடந்தது என்ன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் அதிர்ஷ்டத்தைத் திறமை என்றும், துரதிர்ஷ்டத்தை முட்டாள்தனம் என்றும் சொல்ல நேரும்.

பத்திரண: தலைகீழான பரிமாற்றம்

2025 பருவத்துக்கு முன் சென்னை பத்திரணவை 13 கோடிக்குத் தக்கவைத்தது. அந்தப் பருவத்தில் அவர் 13 விக்கெட்டுகளை எடுத்தாலும், ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். சென்னை அட்டவணையின் அடியில், பத்தாவது இடத்தில் முடிந்தது. அதன் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பருவம் முடிந்ததும் அவரை விடுவித்தது.

அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் நடந்த ஏலத்துக்கு சென்னை 43.40 கோடியோடு வந்தது. அதில் 28.40 கோடியை, இந்தியாவுக்காக ஒருநாளும் ஆடியிராத இரண்டு இளைஞர்களுக்குக் கொடுத்தது: பிரசாந்த் வீருக்கு 14.20 கோடி, கார்த்திக் சர்மாவுக்கு அதே தொகை. இருவரின் அடிப்படை விலையும் 30 இலட்சம். அதே மண்டபத்தில் கொல்கத்தா பத்திரணவை 18 கோடிக்கு எடுத்தது.

துரும்பைக் கைவிட்டு விதைநெல் வாங்கிய முடிவு இது. கடைசி இடத்தில் நிற்கும் அணிக்கு ஓர் ஓட்டத்தில் வெற்றியைப் பறித்துத்தரும் பந்துவீச்சாளரை விட, ஐந்து ஆண்டுகள் நிலைக்கக்கூடிய துடுப்பாட்டம் தேவை என்பது அதன் நியாயம். ஆனால் விதைநெல்லின் பலமே அதன் மலிவு. 14.20 கோடிக்கு வாங்கிய இளைஞரிடம் அந்த மலிவு இல்லை. அவர் முதல் நாளிலிருந்தே நட்சத்திரத்தின் சுமையோடு இறங்க வேண்டும். இந்த முடிவின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. எனவே அவருடைய ஆட்டத்தை விலைச்சீட்டை மறந்து பார்க்கத் தெரிந்த ரசிகரே அவரை உண்மையாகப் பார்ப்பவர்.

கொழும்புக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. 2024 மே மாதத்தில் நடந்த லங்கா பிரீமியர் லீக் ஏலத்தில் கொழும்பு ஸ்ரைக்கர்ஸ் அணி இதே பத்திரணவுக்கு 120,000 டொலர் கொடுத்தது. ஆனால் கெத்தாராம பிரேமதாச மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டிக்குக் கொழும்பு வரவில்லை. கிண்ணம் யாழ்ப்பாண அணிக்குப் போனது. ஐந்தில் ஒரு பங்கு பந்துகளை வீசுபவரால் மிச்ச நான்கு பங்கையும் சுமக்க முடியாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஒரு பரிமாற்றச் செய்தி வந்தவுடன் வரிசையாகக் கேட்க வேண்டியவை இவை.

1. அணி எங்கே நிற்கிறது? கிண்ணத்துக்கு ஒரு படி கீழே நிற்கும் அணிக்குத் துரும்பு அவசியம். அடிமட்டத்தில் நிற்கும் அணிக்கு அது ஆடம்பரம்.

2. வருபவர் எவ்வளவு காலம் இருப்பார்? ஒரு பருவத்துக்கா, மூன்றுக்கா? அவருடைய வயது, தோள், தொடைத்தசை எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். வேகப்பந்துவீச்சாளரின் உடல் எந்த நேரத்திலும் வழக்குப் பேசும்.

3. போகும் இளைஞருக்கு அணியில் இடம் இருந்ததா? ஒரே இடத்துக்கு மூன்று இளைஞர்கள் காத்திருந்தால் ஒருவரைக் கொடுப்பது நட்டமல்ல. ஒரே ஒருவர்தான் என்றால் அது விதைநெல்.

4. வேறு வழி இருந்ததா? அதே வேலையைப் பாதி விலையில் செய்யக்கூடியவர் சந்தையில் இருந்தாரா?

நான்குக்கும் சாதகமான பதில் கிடைத்தால் அணி தயங்காமல் வாங்க வேண்டும். முதல் கேள்வியிலேயே தடுக்கினால் மற்ற மூன்றையும் பார்க்கவே தேவையில்லை.

விலை வருமுன் வீரரைப் பார்ப்பது

பரிமாற்றத்தை ரசிப்பதன் ஆழமான பகுதி, இளைஞரை விலைக்கு முன்பே பார்த்து வைப்பது. அதற்குக் கொழும்பைப் போல வசதியான ஊர் குறைவு. பொரளைப் பக்கம் தமிழ் யூனியனின் சரவணமுத்து ஓவல் மைதானம் இருக்கிறது. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியதும் அங்கேதான். கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ட் கல்லூரி கிரிக்கெட்டில் நீண்ட மரபுள்ளது. மார்ச் மாதம் வந்தால் நகரம் முழுக்கப் பெரிய பாடசாலைப் போட்டிகள்.

அமர வேண்டிய இடம் பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால். காலை முதல் ஓவரில் பையனின் ஓட்டத்தைப் பார்த்து வைக்க வேண்டும்: எத்தனை அடி, எங்கே வேகம் எடுக்கிறார், கால் எங்கே ஊன்றுகிறது. பின்னேரம், வெயில் தணிந்த பிறகு, அவர் மூன்றாம் தடவை பந்தெடுக்கும்போது அதையே மறுபடி பார்க்க வேண்டும். அடி குறையாமல், தலை சாயாமல், அதே இடத்தில் கால் விழுந்தால் அந்த உடலில் பல வருடங்கள் இருக்கின்றன. சிக்ஸர் வாங்கிய பின் வீசும் அடுத்த பந்து அதைவிட முக்கியம். பயந்தவர் அளவைக் குறைப்பார். நம்பிக்கை உள்ளவர் அடிபட்ட அதே திட்டத்தை, இன்னும் துல்லியமாக, மறுபடி போடுவார்.

அப்படி ஒரு பையனைப் பார்த்து வைத்தவருக்கு, பின்னொரு நாள் அவருடைய பெயர் ஏலத்தில் வரும்போதோ பரிமாற்றத்தில் போகும்போதோ, கைமாறுவது என்னவென்று தெரியும். வந்தவரைக் கொண்டாடும் அதே நேரத்தில், அவருக்காகப் போனவர் போகும் இடத்தில் எப்படி ஆடுகிறார் என்பதையும் சில பருவங்கள் பின்தொடர வேண்டும். அந்த இரண்டாவது கணக்கையும் எழுதி முடித்த பிறகே ஒரு பரிமாற்றத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியும்.