முன்வரிசை இல்லாத இசை: தினாரிவென் குழுவைக் கேட்டல்

முதன்மைக் குழு மேடையேறும் முன்னர், அரைமணி அல்லது முக்கால்மணி நேரம் வேறொரு துணைக் குழுவைப் பாடச் செய்வது மேலைநாட்டு இசையரங்குகளின் வழக்கம். அவையோர் சீட்டு வாங்கியது அத்துணைக் குழுவுக்காக அன்று. மக்கள் இடம் தேடி அலையும் நேரம் அது, பேச்சும் ஓய்ந்திராது. ஆயினும் பெயர்கூட அறியாமல் கேட்ட அக்குழுவே, அரங்கை விட்டு வெளியேறும் ஒருவரின் உள்ளத்தில் நிலையான இடம் பிடித்துவிடுவதுண்டு. இது எவ்வாறு நிகழ்கிறது, கேட்டவர்மீது அது எத்தகைய கடமையைச் சுமத்துகிறது ஆகிய இரு வினாக்களையும், ஸஹாராவின் துவாரெக் மக்களது இசைக்குழுவான தினாரிவென்னை முன்வைத்து நோக்குவோம்.

2007 ஆகஸ்ட் 18 அன்று அயர்லாந்தின் ஸ்லேன் கோட்டை வெளியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நிகழ்ச்சி நடைபெற்றது. அன்று அவர்களுக்கு முன்னர் பாடியோருள் தினாரிவென் குழுவினரும் இருந்தனர். அவர்களது மொழி தமாஷெக். பொய்ன் ஆற்றங்கரைச் சரிவில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தில் அம்மொழி அறிந்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். அவர்களது 'அமான் இமான்' இசைத்தொகுப்பு அவ்வாண்டில்தான் வெளிவந்திருந்தது. 'நீரே உயிர்' என்பது அதன் பொருள்.

கேட்டல் என்னும் செயலுக்கு நமது மரபில் நுட்பமான ஆய்வு உண்டு. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஸமாஃ குறித்துத் தனிப் பகுதியே வகுத்துள்ளார். கேட்டலுக்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தியிருக்க வேண்டும் என்ற ஜுனைத் அல்-பக்தாதியின் கருத்தை அவர் அங்கு விளக்குகிறார். உள்ளம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும் வேளை ஆகாது. ஆள் நடமாட்டமுள்ள வழி ஆகாது. அக்கேட்டலில் நாட்டமற்றோர் அருகிருத்தலும் ஆகாது. கஸ்ஸாலி நரம்புக் கருவிகளை விலக்கியவர் என்பதை இங்கு மறைக்கலாகாது. இசை பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்தைத் தீர்ப்பதோ, கிதாருக்கு அவரிடம் அனுமதி தேடுவதோ நமது நோக்கமன்று. செவியின் இயல்பு குறித்த அவரது பகுப்பை மட்டுமே இங்கு அளவுகோலாகக் கொள்கிறோம்.

இவ்வளவுகோலின்படி துணைக் குழுவின் நிகழ்ச்சி மூன்று நிபந்தனைகளிலும் தவறுகிறது. காலம் பிறருக்குரியது, இடம் நடமாட்டம் மிக்கது, சூழ்ந்திருப்போரோ வேறொருவரை எதிர்பார்த்து நிற்பவர்கள். இத்தகைய நிலையில் பல குழுக்கள் குரலை உயர்த்தியும் வேகத்தைக் கூட்டியும் கவனத்தைப் பறிக்க முயல்கின்றன. தினாரிவென்னின் இசை அவ்வழியை நாடுவதில்லை. பல பாடல்களில் முதலில் ஒரு கிதார் தனியே சில சொற்களைப் பேசுவது போல ஒலிக்கிறது. பின்னர் கைத்தட்டல் சேர்கிறது. இரண்டாவது கிதார் முதலாவதன் இடைவெளிகளை நிரப்புகிறது. தாழ்ந்த, கரகரத்த குரல் ஓர் அடியைப் பாடி நிறுத்த, குழு முழுவதும் மறுமொழி தருகிறது. எந்தக் கலைஞரும் தமது திறமையைக் காட்டுவதற்கெனப் பாடலை நிறுத்தி வைப்பதில்லை. மாறாத ஓர் ஒலித்தளத்தின்மீது அதே இசைத்தொடர் மீண்டும் மீண்டும் வருவதால், பாடலின் நடுவில் வந்து சேர்பவரும் எதையும் இழப்பதில்லை.

இந்த அமைப்பு மேடைக்கென உருவானதன்று. நெருப்பைச் சுற்றி அமரும் சிறு கூட்டங்களில் உருவானது. அங்கு முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் இல்லை. எனவே கேட்பவருக்கும் அதில் ஒரு வேலை உண்டு. கைத்தட்டலே அவ்வேலை; அதற்கு மொழியறிவு தேவையில்லை. ஜுனைத் கூறிய மூன்றாவது நிபந்தனையை, அதாவது உடனிருப்போரை, இக்குழு தன்னுடனேயே மேடைக்கு அழைத்து வந்துவிடுகிறது எனலாம். அறியாத ஓர் அவையில் இது வெற்றி பெறுவதன் காரணம் இதுவே என்பது நமது கருத்து.

ஆயினும், 'இவர்களை நாம் கண்டுபிடித்தோம்' என்று இரசிகர் மகிழும்போது ஒன்றை மறந்துவிடுகிறார். குழுவின் தலைவரான இப்ராஹீம் அக் அல்ஹபீப், 1963இல் வட மாலியில் எழுந்த கிளர்ச்சியின்போது தம் தந்தை கொல்லப்படுவதைச் சிறு குழந்தையாகக் கண்டவர். அகதி வாழ்வில், தகரப் பேணி, குச்சி, மிதிவண்டித் தடைக்கம்பி ஆகியவற்றைக் கொண்டு தமது முதல் கிதாரைச் செய்துகொண்டவர். 1970களின் இறுதியில் அல்ஜீரியாவின் தமன்ரசெத் நகரில் இக்குழு உருவாகியது. பின்னர் லிபியாவின் இராணுவப் பயிற்சி முகாம்களும், 1990இன் கிளர்ச்சியும் இவர்களது வாழ்வில் இடம்பெற்றன. வெற்று ஒலிநாடா கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் இவர்கள் பாடிப் பதிந்து கொடுத்தனர். அந்நாடாக்கள் கைக்குக் கை மாறி ஸஹாரா எங்கும் பயணித்தன. ஸ்லேன் கோட்டைக்கு முன்னரே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அவர்கள் தம் மக்களிடையே முதன்மைக் குழுவாகத்தான் இருந்தனர்.

இப்படிநிலை தலைகீழாகும் இடமும் இருந்தது. 2001இல் மாலியில் தொடங்கிய 'பாலைவன விழா' அதற்குச் சான்று. 2003இல் எஸ்ஸகானே என்னுமிடத்தில் நடந்த அவ்விழாவில் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகர் ராபர்ட் பிளாண்ட் பாடினார். அம்மணல்வெளியில் அவரே விருந்தாளி.

2012இல் நிலைமை மாறியது. வட மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் மார்க்கத்தின் பெயரால் இசையைத் தடை செய்தன. அவ்வாண்டு ஜனவரிக்குப் பின்னர் பாலைவன விழா அம்மண்ணில் நடைபெறவில்லை. அதே 2012 பெப்ரவரியில் தினாரிவென்னின் 'தஸ்ஸிலி' தொகுப்பு அமெரிக்காவின் கிராமி விருதைப் பெற்றது. 2014இல் வெளிவந்த 'எம்மார்' தொகுப்பைத் தம் நிலத்தில் பதிய இயலாமல், கலிபோர்னியாவின் பாலைவனமொன்றில் அவர்கள் பதிந்தனர். ஊரில் வாயடைக்கப்பட்டவர்களுக்கு வெளியூர் மேடையே மேடையாயிற்று.

மேலைச் சந்தை அவர்களுக்கு இடம் தந்தது உண்மை. ஆனால் அது 'துப்பாக்கியும் கிதாரும் ஏந்திய பாலைவனக் கிளர்ச்சியாளர்' என்ற விளம்பரப் படத்தையும் உடன் சேர்த்தது. ஒரு தரப்பு இவர்களது பாடலைக் கேட்க மறுத்தது. மறுதரப்பு படத்தைப் பார்த்தபடியே கேட்டது. இரண்டிற்கும் நடுவில் 'அஸ்ஸூஃப்' என்னும் சொல் கவனிக்கப்படாமல் போகிறது. பிரிவு, தனிமை, இழந்த இடத்தின்மீதான ஏக்கம் யாவும் அடங்கிய தமாஷெக் சொல் அது. தங்கள் இசைக்கே அம்மக்கள் வழங்கும் பெயர்களுள் ஒன்றும் அதுவே. இச்சொல்லை அறிந்த பின்னர் அந்தத் தனிக் கிதாரின் தொடக்கம் வேறாகக் கேட்கிறது. அழகிய ஒலியாகத் தோன்றிய அது, தூரத்தில் இருக்கும் ஒருவரை அழைக்கும் குரலாகிறது.

எதிர்பாராத முதற்கேட்டல் கேட்பவரின் உழைப்பால் வருவதன்று. அது வந்து வாய்ப்பது. இரண்டாவது கேட்டல் அவரது பொறுப்பு. துணை நிகழ்ச்சி வழியாக இக்குழுவை அறிந்தவர்களுக்கு, 'ரேடியோ திஸ்தாஸ்' தொகுப்பிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைப்போம். 2000இன் இறுதியில் வட மாலியின் கிடால் நகரிலிருந்த ஒரு சிறு வானொலி நிலையத்தில் பதியப்பட்டு, அடுத்த ஆண்டில் வெளிவந்தது அது. பேரரங்கின் முழக்கமோ, வேறு எவருக்காகவோ காத்திருக்கும் கூட்டமோ அதில் இல்லை. பாடுபவரும் மறுமொழி கூறுபவரும் கைதட்டுபவரும் ஒரே அறையில் இருக்கின்றனர்.